பேய்விலங்கு வேண்டாம், பெயர்திரி விலங்கு என்போம்

நண்பர்களே,

பழைய நூல்களில் வரும் விசித்திர விலங்குகள் சில, மொழிபெயர்ப்பை மாற்றிப் படித்தால் நாம் அறிந்த விலங்குகளாகிவிடுகின்றன. மூலத்தில் சாதாரணமாக இருந்து, பெயர் கைமாறும் வழியில் விசித்திரமாகிப்போன அந்த உயிருக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக ஒரு சொல் கேட்டிருந்தோம். பேய்விலங்கு, பொய்விலங்கு, மாயவிலங்கு என மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

பேய்விலங்கு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. பிழையால் அகராதிக்குள் புகுந்துவிட்ட, யாரும் பேசியறியாத சொற்களை ஆவிச்சொல் என்ற பொருள்படும் பெயரால் 1886-இல் ஆங்கிலச் சொல்லாய்வாளர் வால்டர் ஸ்கீட் அழைத்தார். அங்கே ஆவி என்றால் உடம்பில்லாதது. தமிழில் பேய் முன்னால் வந்து நின்றால் பொருள் வேறு பக்கம் போய்விடும். பேய்மழை என்றால் கொட்டித் தீர்க்கும் மழை. பேய்ச்சுரை என்றால் வாயில் வைக்க முடியாத கசப்புச் சுரை. பேய்விலங்கு என்று எழுதினால், படிப்பவர் கண்முன் பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்று வந்து நிற்கும். பொய்விலங்கு இன்னும் அநியாயம். யாரும் பொய் சொல்லவில்லையே. மாயவிலங்கில் யாளியும் மகரமும் சேர்ந்துவிடும். அவை கலைஞன் தெரிந்தே படைத்தவை, கைமாறியதில் பிறந்தவை அல்ல.

எபிரேய மறைநூலில் வரும் 'ரேஎம்' என்ற விலங்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை 'ஒற்றைக்கொம்பன்' ஆக்கினார்கள். 1611-இன் ஆங்கிலப் பெயர்ப்பிலும் அந்த ஒற்றைக்கொம்புக் குதிரையின் பெயரே நிலைத்தது. தமிழுக்கு வந்தபோது அது காண்டாமிருகம் ஆனது. ஆனால் அந்த மறைநூலின் யோபு என்ற பகுதியில் 39-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அது உன் தொழுவத்தில் இரவு தங்குமா, கயிறு கட்டி அதை உழவுக்கு ஓட்டுவாயா என்று கேள்வி வருகிறது. ஏர் மாட்டோடு ஒப்பிடத் தக்க ஒன்றைப் பற்றித்தானே இப்படிக் கேட்கத் தோன்றும்? இன்னொரு பகுதியான உபாகமம் 33:17-இல் ஒரே ரேஎமுக்குக் கொம்புகள் என்று பன்மை வேறு. பண்டை மெசொப்பொத்தேமியாவின் அக்காதிய மொழியில் இதற்கு உறவான 'ரீமு' காட்டெருதைக் குறிக்கிறது. அந்தப் பெருங்காட்டு மாட்டினத்தின் கடைசி உயிர் 1627-இல் போலந்தில் இறந்தது. விலங்கு உண்மையிலேயே இருந்தது. அதன் பெயர்தான் வழியில் திரிந்தது.

நம் பக்கம், சங்கப் பாட்டுகளில் வரும் வருடை என்ற விலங்கு. 'நெடுவரை மிசையது குறுங்கால் வருடை' என்கிறது ஐங்குறுநூறு 287. உயர்ந்த மலை, குட்டைக் கால், தினையில் பாயும் கிளிகளைக் கண்டு மிரளும் குணம். பட்டினப்பாலையில், பண்டப் பொதிகள் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளுவது மலைச்சரிவில் வருடை துள்ளுவதைப் போல இருக்கிறது. பரிபாடல் 11-ஆம் பாட்டு மேட ராசியையே வருடை என்கிறது. இத்தனைக்கும் பொருந்துவது வரையாடு. அப்படியிருந்தும் அகராதிகளில் வருடைக்குச் சரபம், எண்காற்புள் என்ற பொருள்களும் ஏறியிருக்கின்றன. சரபமோ எட்டுக் கால் கொண்டு சிங்கத்தையே வீழ்த்துவது! மாணவனாக இருந்தபோது அகராதியைப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டுக்குள் எட்டுக் குட்டைக் கால்களைத் தேடியிருக்கிறேன். கிளிக்கு மிரளும் அந்தச் சின்ன உயிரின் அழகு எனக்குப் பல காலம் தெரியாமலே போனது. இந்தச் சொல்லுக்காக இவ்வளவு தூரம் வாதிடுவது அதனால்தான்.

என் பரிந்துரை: பெயர்திரி விலங்கு. திரிதல் என்பது புணர்ச்சி இலக்கணத்திலேயே நமக்குப் பழகிய சொல். அதில் பழி இல்லை, மாற்றம் மட்டுமே உண்டு. வினைத்தொகை என்பதால் திரிந்த, திரிகின்ற, திரியும் என்று முக்காலமும் அடங்கும். பெயர்கள் இன்றும் திரிந்துகொண்டுதானே இருக்கின்றன? இன்னொரு வசதி, பின்னால் எதையும் சேர்க்கலாம், ஒற்றும் மிகாது: பெயர்திரி பறவை, பெயர்திரி பூச்சி.

பூச்சி எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் மூன்றாம் நூலில், நரியைவிடப் பெரிய, பொன் கலந்த மணலைத் தோண்டி வெளியே தள்ளும் இந்திய எறும்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பாகிஸ்தானின் வடக்கே உள்ள தியோசாய் மேட்டுநிலத்தில் வளை தோண்டும் மார்மட் என்ற கொறிவிலங்குதான் அது, பாரசீகத்தில் அதற்கு 'மலையெறும்பு' என்று பொருள்படும் பெயர் இருந்ததால் வந்த குழப்பம் என்பது பிரெஞ்சு ஆய்வுப்பயணி மிஷேல் பெசேல் முன்வைத்த விளக்கம். இது கருதுகோள்தான். ஆகவே பட்டியலில் போடும்போது 'ஆகலாம்' என்ற குறிப்போடு போடுவோம்.

அப்புறம் அசுணம், இசைக்கு மயங்கும் என்று சங்கப் பாட்டுகள் சொல்லும் உயிர். அதையும் சேர்க்கச் சொல்கிறீர்கள், நான் ஒப்பமாட்டேன். நற்றிணை 304-இல் தலைவனின் மார்பு, அசுணத்தைக் கொல்பவர் கையைப் போல இன்பமும் துன்பமும் உடையது என்று வருகிறது. யாழால் மயக்கிய அதே கை பறையால் கொல்லும். இங்கே எந்தப் பெயர் எந்தப் பெயராகத் திரிந்தது என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு மானையோ பறவையையோ பிடித்து 'இதுதான் அசுணம்' என்றால், நாமே இன்னொரு பெயர்த்திரிபைச் செய்தவர்களாவோம்.

சரி, கலைச்சொல் பட்டியலுக்கான பதிவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

பெயர்திரி விலங்கு: மூலநூலில் இயல்பான விலங்காக இருந்து, மொழிபெயர்ப்பிலோ உரையிலோ பெயர் திரிந்ததால் வேறு உருப்பெற்றது. திரிந்த வழியைச் சொற்சான்றால் காட்ட முடிந்தவற்றுக்கே இப்பெயர். எ-டு: வருடை, ரேஎம்.