மியூசியம் ரெசிடென்சி 8 வாரம்: எழுதிக்கொடுத்ததையே செய்தாக வேண்டுமா?

ஈரமண்:

வணக்கம். பன்னிரண்டு வருடமாகச் சக்கரத்தில்தான் வேலை. கிண்ணம், தட்டு, ஜாடி என்று தினமும் கையில் எடுத்துப் புழங்கும் பொருட்கள். முதல்முறையாக ஒரு மட்பாண்ட அருங்காட்சியகத்தில் 8 வார ரெசிடென்சி, அதாவது அங்கேயே தங்கி வேலை செய்யும் வாய்ப்பு, கிடைத்திருக்கிறது. தங்குமிடம், மண், சூளை எல்லாம் அவர்கள் பொறுப்பு, 8வது வாரக் கடைசியில் அங்கேயே ஒரு கூடத்தில் கண்காட்சி. சந்தோஷம்தான், ஆனால் ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. விண்ணப்பத்தில் நான் எழுதிக்கொடுத்தது ஆளுயரத் தாழி ஒன்று, அதைச் சுற்றித் தரையில் 300 கிண்ணங்கள். எழுதும்போது கண்முன்னால் அப்படியே தெரிந்தது. இப்போது நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வயிற்றைக் கலக்குகிறது.

போய் வந்தவர்களிடம் கேட்க நினைப்பது இதுதான். எழுதிக்கொடுத்ததை அப்படியே செய்தீர்களா, இல்லை அங்கே போய் மாற்றினீர்களா, மாற்றினால் மனஸ்தாபம் வருமா? காப்பறையில் (காட்சியில் இல்லாத பொருட்களை வைக்கும் அறை) இருக்கும் பழைய பானைகளைப் பார்க்க அனுமதி உண்டு என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள், அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது? இன்னொன்று, உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருப்பது: நான் செய்வது சமையலறைக்குப் போகிற கிண்ணம். சமகாலக் கண்காட்சி என்று பெயர் போட்ட கூடத்தில் அதை வைத்தால் கடை அலமாரி மாதிரி இருக்காதா?

மண்திரி:

வாழ்த்துகள்! முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றது அப்புறம்.

56 நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கூடத்தில் அடுக்க, விளக்கு சரிபார்க்க 5 நாள். கிளேஸ் (கண்ணாடி மாதிரி உருகிப் பிடிக்கும் மேல்பூச்சு) சூட்டுக்கு இரண்டு சுற்று ஒதுக்குங்கள், சூளையை நீங்கள் மட்டும் பயன்படுத்தப் போவதில்லை, அதனால் ஆறவிடும் நேரத்தையும் சேர்த்தால் 10 நாள். அதற்கு முன் பிஸ்க், அதாவது பூச்சில்லாத முதல் சூடு, சுட்டு, கிளேஸ் பூச 5 நாள். தாழியின் அடி இரண்டு செ.மீ கனம் என்றாலே காய 16 நாள் விட வேண்டும், அவசரப்பட்டால் விளிம்பு முந்திக் காய்ந்து அடி பிளந்துகொள்ளும். மிச்சம் 20 நாள். அதில் முதல் வாரம் புது மண்ணோடு பழகவே போய்விடும். ஆக உங்கள் கை மண்ணில் இருக்கப்போவது 13 நாள். ஒரு நாளைக்கு 40 கிண்ணம் வனைந்தாலும் மறுநாள் அடி சீவ வேண்டும், 300 கிண்ணத்துக்கே 15 நாள் ஆகிறது, தாழியைத் தொடவே நேரமில்லை.

அந்த முதல் வாரத்தை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே தரும் மண் உங்கள் மண் இல்லை. 10 செ.மீ நீளத்துக்குக் கோடு கீறிய பட்டைகளைச் செய்து சுட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துவிடுங்கள். ஸ்டோன்வேர் மண், அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகுவது, பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம் சுருங்கும். 12 என்று வைத்துக்கொண்டால் 150 செ.மீ தாழி வேண்டுமானால் ஈரத்தில் 170 செ.மீ இருக்க வேண்டும், அது எந்தச் சூளைக்குள் நிற்கும்? மண்ணின் குணமும் இருக்கிறது. ஜப்பானின் ஷிகராகி மண்ணில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் கலந்து சொரசொரவென்று இருக்கும், பெரிய பானையைத் தாங்கி நிற்கும். அங்கே மட்பாண்டத்துக்கென்றே 1990இல் தொடங்கிய வளாகத்தில் கலைஞர்கள் போய்த் தங்கி வேலை செய்கிறார்கள், பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டு அங்கே போவதில் நியாயம் உண்டு. வழுவழுப்பான போர்சிலின் என்ற வெள்ளை மண்ணை வைத்துக்கொண்டு அதே ஆசைப்பட்டால் நடக்காது.

என் முதல் ரெசிடென்சியில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய தட்டு, நல்ல கனம், கண்காட்சிக்கு மூன்று நாள் பாக்கி. சூளை 250 டிகிரியில் இருக்கும்போதே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவில் மயிரிழை விரிசல், விரலை ஓட்டிப் பார்த்தேன், கிளேஸின் ஓரம் பிளேடு மாதிரி கிழித்துவிட்டது. ஓரம் அப்படிக் கூராக இருந்தால் கிளேஸ் இறுகிய பிறகு, ஆறும்போது விட்ட விரிசல் என்று அர்த்தம். ஓரம் உருண்டு வழவழவென்று இருந்தால் கிளேஸ் உருகும் முன்பே, காயும்போதோ சூடேறும்போதோ விட்டது. ஆறும்போது 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று உருமாறிச் சுருங்கும், கீழே 220 டிகிரி வாக்கில் கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு கனிமமும் அதே மாதிரி சுருங்கும். கனமான பொருள் அந்த இரண்டு இடத்தையும் மெதுவாகத்தான் தாண்டியாக வேண்டும். தேதி நெருங்குகிறது என்று சூளையை அவசரப்படுத்த முடியாது.

அதனால் என் பதில்: மாற்றுங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே கண்காட்சிக்குப் பொறுப்பான கியூரேட்டரிடம் உட்கார்ந்து பேசி மாற்றுங்கள். 6வது வாரத்தில் போய்ச் சொன்னால்தான் மனஸ்தாபம்.

காப்பறை:

ஒரு அருங்காட்சியகத்தின் காப்பறையில் வேலை பார்ப்பவன் நான். உங்கள் இரண்டாவது கேள்வி என் வேலையைப் பற்றியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வருகிற கலைஞர்களில் பலர் காப்பறைக்கு ஒரு நாள் வந்து கைபேசியில் நாற்பது படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானையின் முகத்தைத்தான் எல்லோரும் பார்க்க முடியும், கவிழ்த்து அடியைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இந்த 8 வாரம் மட்டும்தான். நூலால் அறுத்து எடுத்த ஒரு பழைய கிண்ணத்தின் அடியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சக்கரம் சுற்றும்போதே நூலை இழுத்திருந்தால் சிப்பியின் மேல் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கிய சுழிக்கோடுகள் இருக்கும். சக்கரம் நின்ற பிறகு அறுத்திருந்தால் கோடுகள் இணையாக ஓடும். சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்துச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது என்றும் கண்டுபிடிக்கலாம். செய்தவர் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை, ஆனால் அவர் கை நூலை இழுத்த அந்த அரை நொடி அங்கே இருக்கிறது. இதைக் காட்டினால் வனைகிறவர்கள் முகம் மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு காலை என்று முதலிலேயே நேரம் கேட்டு வாங்குங்கள். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், கிளேஸ் மேல் வழுக்கும். கழுவிக் காய்ந்த வெறுங்கை அல்லது நைட்ரைல் கையுறை போதும். காதையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கக் கூடாது, ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். மேஜை மேல் நுரைத்தாள் விரித்து அதற்கு மேலேயே வைத்துத் திருப்ப வேண்டும்.

கடை அலமாரி பயத்துக்கு வருகிறேன். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் எட்மண்ட் டி வால் என்ற மட்பாண்டக் கலைஞர் 2009இல் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 425 பாண்டங்கள், எல்லாம் சக்கரத்தில் வனைந்தவை, தனியாக எடுத்தால் எளிமையான பொருட்கள்தான். அவற்றைச் சிவப்பு உலோகத் தட்டில் அடுக்கி, மேலே குவிமாடத்தின் உள்விளிம்பைச் சுற்றி வைத்துவிட்டார். கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க முடியும், எட்டாது. அதே மியூசியத்தில் 2006இல் கிளேர் ட்வோமி என்ற கலைஞர் நேர்மாறாகச் செய்தார்: வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலப் பாண்ட நிறுவனத்தின் நீல ஜாஸ்பர் மண்ணில் 4000 சின்னப் பறவைகள், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றில் தொடவே முடியாது, மற்றதில் வீட்டுக்கே கொண்டுபோகலாம். பார்க்கிறவருக்கும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இரண்டு பேரும் தீர்மானித்தார்கள், பொருள் புழங்குவதா இல்லையா என்பது அங்கே பிரச்சினையாகவே இல்லை. உங்கள் கிண்ணமும் சமகாலக் கூடத்தில் நிற்கும், அதை எந்த உயரத்தில், எந்தப் பக்கம் காட்டி வைக்கிறீர்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

தரையில் வைப்பதாக இருந்தால் பாதுகாப்பு பற்றி இப்போதே பேசிவிடுங்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தின் கூடத்தில் 10 கோடி போர்சிலின் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார், மக்கள் மேலே நடக்கலாம் என்றுதான் திறந்தார்கள், சில நாளிலேயே தூசு கிளம்புகிறது என்று நடப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. உயரமான தாழிக்குள் மணல் மூட்டை வைத்து அடியைக் கனமாக்குவோம், சிறியவற்றுக்கு மெழுகு வைத்து ஒட்டுவோம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை மட்டும் கண்ணை விரித்துப் படியுங்கள்: ஒரு படைப்பை மியூசியத்துக்கு விட்டுப்போக வேண்டுமா, அதை யார் தேர்ந்தெடுப்பது, கூடத்தில் உடைந்தால் யார் பொறுப்பு.

தணல்:

மண்திரி சொல்வதோடு எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆயிரம் விண்ணப்பத்தில் உங்களுடையதை எடுத்தார்கள் என்றால் அந்தத் தாழியும் கிண்ணமும் அவர்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அளவைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆனால் பெரியது ஒன்று, சிறியது பல என்ற கருவை விடாதீர்கள். எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுவிட்டு 'ஆராய்ச்சி' என்று சோதனைப் பட்டைகளை மட்டும் தொங்கவிட்ட கண்காட்சிகளைப் பார்த்திருக்கிறேன், வெறுமையாக இருக்கும்.

இடத்துக்கு இடம் நோக்கமும் வேறு. நெதர்லாந்தின் ஓய்ஸ்டர்வெய்க்கில் இருக்கும் செராமிக் மையத்தில் 3 மாதம், மண்ணையே தொடாத ஓவியர், கட்டிடக் கலைஞர்கூடப் போகலாம், தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று உதவுவார்கள். அமெரிக்காவின் மொன்டானாவில் ஆர்ச்சி ப்ரே என்பவரின் செங்கல் சூளை வளாகத்தில் 1951இல் தொடங்கியது வேலை செய்யும் பட்டறையாகவே வளர்ந்தது. மியூசியம் என்றால் கூடவே பார்வையாளர்கள் வருவார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பட்டறை திறந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும், அதை மண்திரியின் 13 நாளிலிருந்து கழியுங்கள். அந்த நேரத்தில் தாழிக்குத் திரி (கயிறு மாதிரி உருட்டிய மண்) வைத்து ஏற்றாதீர்கள், பேசிக்கொண்டே செய்தால் சுவர் கோணிவிடும். கிண்ணம் வனையுங்கள். குழந்தைகள் அசையாமல் நிற்பார்கள். அப்புறம், தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சிலிக்கா தூசு உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது, அவர்களுக்கும் ஆகாது.

மண்திரி:

தணல் சொல்வது சரி, கரு இருக்கட்டும். நான் சொன்னது எண்ணிக்கையைத்தான்.

ஈரமண்:

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். மூன்று பேர் எழுதியதையும் தாளில் குறித்துக்கொண்டு கியூரேட்டருக்கு மின்னஞ்சல் போட்டேன், சூளையின் உள்ளளவு கேட்டு. உயரம் 75 செ.மீ, அகலம் 60. ஆளுயரத் தாழி அங்கேயே முடிந்தது. துண்டு துண்டாகச் சுட்டு ஒட்டலாம் என்றார், எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஈரத்தில் 68 செ.மீ, சுட்ட பிறகு 60 செ.மீ வரும்படி மூன்று தாழி, 2வது வாரத்துக்குள் முடித்துக் காயவைப்பது. கிண்ணம் 90. திறந்த பட்டறை வாரத்துக்கு இரண்டு பிற்பகல், அப்போது கிண்ணம் மட்டும் வனைவேன்.

காப்பறை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே என் பழைய கிண்ணங்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியைச் சீவி மழித்து வைத்திருக்கிறேன், ஒன்றிலும் நூல் தடம் இல்லை. இந்த 90க்கும் அடி சீவப்போவதில்லை. சக்கரம் ஓடும்போதே நூலால் அறுத்து, சுழி அப்படியே இருக்க, கூடத்தில் 90ஐயும் கவிழ்த்து வைக்கப்போகிறேன், பக்கவாட்டில் தாழ்ந்த வெளிச்சம். காப்பறையிலிருந்து ஒரே ஒரு பழைய கிண்ணத்தை அதே மாதிரி கவிழ்த்து நடுவில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என்றால் சரி, ஆனால் அந்த உயரத்துக்குப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. பெட்டி இல்லாமல் பாதுகாப்பாக வைக்க வேறு வழி ஏதாவது உண்டா, அண்ணா?