இழுவிசை நுண்ணோக்கியியல்: செல் இல்லாத இடத்திலும் விசை தெரிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல் யங் குணகமுள்ள (விறைப்பின் அளவு) பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு) செல்களை வளர்த்து, ஜெல்லுக்குள் பதித்த 0.2 மைக்ரோமீட்டர் ஒளிரும் மணிகளின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு செல்லின் இழுவிசையைக் கணக்கிடுகிறேன். செல்லின் பிடிப்பை அறுக்கும் டிரிப்சின் நொதியால் செல்லை அகற்றிய பின் எடுக்கும் படமே விசையற்ற நிலை. இடப்பெயர்ச்சியை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே முறையில் கணக்கிட்டால், செல்லின் எல்லைக்கு வெகு தொலைவிலும் விசை அம்புகள் தோன்றுகின்றன. பிழை எங்கே இருக்கக்கூடும்?

பதில் 1:
டிரிப்சின் விடும் அந்தத் தருணத்தையே முதலில் சந்தேகிப்பேன். தட்டு சற்று நகர்ந்தாலும் எல்லா மணிகளும் இடம்பெயர்ந்ததாகவே படத்தில் தெரியும். செல்லுக்குத் தொலைவிலுள்ள மணிகளின் சராசரி நகர்வை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டு, விசைகளின் திசையன் கூட்டலைப் பாருங்கள். மெதுவாக ஊரும் செல்லில் அது ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும்.

பதில் 2:
மேலே கூறியதில் ஒரு திருத்தம் தேவை. ஃபூரியே முறையில் சுழிய அலைவெண் உறுப்பை (படம் முழுவதற்குமான சராசரியை) வழக்கமாக நீக்கிவிடுவதால், சீரான நகர்வு தானே மறைந்துவிடும். முழுப் படத்தின் கூட்டலும் எப்போதும் சுழியமாகவே வரும். ஆகவே செல்லின் எல்லைக்குள் மட்டும் கூட்டினால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. தட்டின் சுழற்சியும் குவிய மாற்றமும் அவ்வாறு மறைவதில்லை.

எனினும் உங்கள் சிக்கலின் வேர் வேறு என்று நினைக்கிறேன். நாம் அளப்பது இடப்பெயர்ச்சியை மட்டுமே. விசையைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். ஒரு புள்ளியில் செலுத்திய விசையின் விளைவு ஜெல்லில் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் பரவி மழுங்கிவிடுவதால், அதைத் திரும்ப மீட்கும்போது மணிகளைத் தொடர்வதிலுள்ள சிறு பிழைகளும் பெருகுகின்றன. இந்தப் பெருக்கத்தை அடக்கும் கணித உத்தியான டிக்கனோவ் ஒழுங்குபடுத்தலைக் குறைவாக வைத்தால் பொய் அம்புகள் முளைக்கும். அதிகமாக வைத்தால், செல் ஜெல்லைப் பற்றும் ஒட்டுப்புள்ளிகளின் உண்மையான உச்சங்கள் தாழ்ந்துவிடும். செல்லே இல்லாத ஜெல்லை இருமுறை படமெடுத்து அதே கணக்கைச் செய்யுங்கள். கிடைப்பதுதான் உங்கள் இரைச்சல் அளவு. ஜெல்லின் தடிமனையும் குறிப்பிடுங்கள். மெல்லிய ஜெல்லில் அடியிலுள்ள கண்ணாடி இடப்பெயர்ச்சியைத் தடுப்பதால், முடிவிலாத் தடிமன் என்று கொள்ளும் சூத்திரம் விசையைக் குறைத்தே காட்டும்.

பதில் 3:
இந்தப் பின்னோக்கிய கணக்கே வேண்டாமெனில் சிலிக்கோன் நுண்தூண்கள் உள்ளன. ஒவ்வொரு தூணும் தனித்தனியே வளைவதால், வளைவை விறைப்பால் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தில் 5 விழுக்காடு பிழை நேர்ந்தால் விசையில் ஏறத்தாழ 20 விழுக்காடு பிழை வரும். மேலும், தூண்முனைகளில் நிற்கும் செல் தட்டையான ஜெல்லில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் என்று கொள்ள முடியாது.

கேட்டவர்:
நன்றி. ஜெல்லின் தடிமன் 20 மைக்ரோமீட்டர்தான். வெற்று ஜெல் சோதனையை நாளை செய்துவிட்டு, தடிமனான ஜெல்லில் மீண்டும் தொடங்குகிறேன்.