சூப்ராகிளாவிகுலர் பிளாக்: வெற்றி என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: முன்கை அறுவைக்காகக் காரை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை நரம்புகளை மரக்கச் செய்யும் சூப்ராகிளாவிகுலர் பிளாக்குகளைத் தணிக்கை செய்கிறோம். ‘கை மரத்துவிட்டது’ என்றாலே வெற்றி என்று சிலர் பதிகிறார்கள். சரியான அளவுகோல் எது?

பதில் 1: மருந்து செலுத்தி முடித்ததும் கடிகாரத்தைத் தொடங்குங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடம் வரை, கையின் நான்கு நரம்புகளையும் சோதியுங்கள். ஐஸை வைத்து: குளிர்ச்சி தெரிந்தால் 0, தொடுகை மட்டும் தெரிந்தால் 1, அதுவும் தெரியாவிட்டால் 2. முன்கை வெளிப்பக்கம் மஸ்குலோக்யூட்டேனியஸ், புறங்கை ரேடியல், கட்டைவிரல் உட்பக்கம் மீடியன், சுண்டுவிரல் அல்னார். தசை அசைவுக்கும் அதேபோல் 0 (இயல்பான அசைவு) முதல் 2 (அசைவே இல்லை) வரை. மொத்தம் 16க்குக் குறைந்தது 14 வந்து, அதில் உணர்வுக்கு 8க்குக் குறைந்தது 7 இருந்தால், அறுவைக்குத் தயார்.

பதில் 2: மதிப்பெண் தயார்நிலையை மட்டுமே காட்டும். கூடுதல் ஊசி, கூடுதல் பிளாக், முழு மயக்கம் எதுவுமின்றி அறுவை முடிந்ததா என்பதைத் தனிக் கட்டத்தில் பதியுங்கள். ஃபெண்டனில் (வலி மருந்து), புரோப்போஃபால் (தூக்க மருந்து) அளவையும் கட்டாயம் எழுதுங்கள் டாக்டர். தூக்க மருந்து அதிகமானால் தோல்வி மறைந்துபோகும்.

பதில் 3: இந்த பிளாக்கில் மரக்காமல் அதிகம் தப்புவது அல்னார். முதல் விலா எலும்பும் சப்கிளாவியன் தமனியும் சேரும் மூலைக்கு மருந்து போகாததே பெரும்பாலும் காரணம். டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் கட்டும் பட்டை) வலியைத் தனியாகக் குறியுங்கள். மேற்கையின் உட்பக்கத் தோலுக்கு வரும் இன்டர்காஸ்டோபிராக்கியல் நரம்பு, இந்த பிளாக் மரக்கச் செய்யும் பிளெக்ஸஸில் (கைக்கான நரம்புப் பின்னலில்) சேராதது.