வவுச்சர் கையில் இருந்தது, அறை இல்லை

இரவு பதினொன்றரை மணி. பத்து மணி நேரப் பயணம் முடிந்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஹோட்டல் ரிசப்ஷனில் போய் நின்றேன். ஹோட்டல் அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் பணம் கட்டி வாங்கிய என் வவுச்சரை, அங்கிருந்த இளைஞர் வாங்கி இரண்டு தடவை படித்தார். என் பெயரைப் போட்டுத் தேடினார், அப்பா பெயரைப் போட்டுத் தேடினார், தேதியை முன்னும் பின்னும் மாற்றித் தேடினார். அன்றைக்கு வரவேண்டியவர்கள் பட்டியலில் நாங்கள் இல்லை.

"மூன்று வாரம் முன்னாலேயே முழுப் பணமும் கட்டியாச்சு தம்பி."

"அந்தத் தளத்துக்குக் கட்டியிருக்கீங்க சார். எங்களுக்கு புக்கிங்கும் வரலை, பணமும் வரலை."

தளத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் போனது. நடுவில் அந்தப் பெண், "ஹோட்டலைக் கூப்பிட்டோம், யாரும் எடுக்கவில்லை" என்றார். நான் ஹோட்டல் போனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அது ஒரு முறைகூட அடிக்கவில்லை. அவர்களிடம் இருப்பது பழைய நம்பர் என்பதை அந்த இளைஞர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

மாற்று ஏற்பாடு என்று அவர்கள் கொடுத்த இடத்தில் அறை இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. அம்மாவால் முடியாது. வேறு வழியில்லாமல் அதே ஹோட்டலில் காலியாக இருந்த ஓர் அறைக்கு மறுபடி பணம் கட்டினேன். முதலில் கட்டியது திரும்பி வர ஏழு வாரம் ஆனது.

அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான் பதிவு செய்த தளத்துக்கும் அந்த ஹோட்டலுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. அறைகளை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து அது எடுத்திருந்தது, அந்த நிறுவனம் இன்னொன்றிடமிருந்து. நடுவில் எங்கோ என் பதிவு நின்றுபோயிருக்கிறது. வவுச்சரில் இருந்தது தளம் போட்ட எண். ஹோட்டல் தன் கணினியில் போடுகிற கன்ஃபர்மேஷன் எண் வேறு. அது வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. சக்கர நாற்காலி போகிற அறை வேண்டும் என்று சிறப்புக் கோரிக்கைப் பெட்டியில் எழுதியிருந்தேன். அதற்கு உறுதி கிடையாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இதுபோல் உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

*

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஹோட்டலின் பெயரைத்தான் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் அதே பெயர், அதே படம், ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். "ரிசர்வேஷன் டெஸ்க்" என்று ஒருவர் எடுத்தார். ஹோட்டலோடுதான் பேசுகிறேன் என்று நம்பி கார்டு விவரம் சொன்னேன். கணக்கில் பணம் பிடித்த பிறகு பார்த்தால் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர், கூடவே சேவைக் கட்டணம். மறுநாளே பயணம் ரத்தானது. ஹோட்டல் தன் விதிப்படி ரத்து செய்யத் தயாராக இருந்தது, ஆனால் பணம் அவர்களிடம் இல்லை. வாங்கியவர்கள் "நான்-ரீஃபண்டபிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

இது புதிதும் இல்லை. அமெரிக்காவில் 2017இல், ஹோட்டலோடு நேரடியாகப் பதிவு செய்வதாக மக்களை நம்பவைத்தார்கள் என்று இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றின் மீது அரசின் வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்திருக்கிறது. தேடலில் மேலே வருவது பல நேரம் விளம்பரம். முகவரிப் பட்டையில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

*

ஆறு வருடம் ரிசப்ஷனில் வேலை பார்த்தவள் என்ற முறையில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

தளம் வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் ஹோட்டல் கமிஷன் கொடுக்கிறது, பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதம் வரை. பணத்தைத் தளமே வாங்கிக்கொண்டால், எங்களுக்கு ஒரு விர்ச்சுவல் கார்டு எண் அனுப்பும், அதாவது கையில் கார்டு இல்லாமல், பணம் எடுத்துக்கொள்ள வெறும் எண் மட்டும். பல நேரம் விருந்தினர் வருகிற நாளில்தான் அந்தக் கார்டிலிருந்து பணம் எடுக்க முடியும். அதனால் "ரீஃபண்ட் கொடுங்கள்" என்று ஒருவர் கண்கலங்கி நின்றாலும் எங்கள் கையில் கொடுக்க எதுவும் இருக்காது. தேதி மாற்றக்கூட தளம்தான் மாற்ற வேண்டும். மனம் இல்லாமல் சொல்வதல்ல அது.

அறைகளை மீறிப் பதிவு வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம், சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில். எல்லோரும் வந்துவிட்டால் யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டும். நான் இருந்த இடத்தில் முதலில் அப்படி அனுப்பப் பார்த்தது தளம் வழியாக வந்த ஓரிரவு விருந்தினர்களைத்தான். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. "ஒரே ஒரு அறைதான் மிச்சம்" என்று பார்த்துப் பதறாதீர்கள். அந்தத் தளத்துக்கு நாங்கள் திறந்துவிட்டதில் ஒன்று மிச்சம் என்று அர்த்தம். ஹோட்டலில் பத்து காலியாக இருக்கலாம். இப்படி அவசரப்படுத்துவதையும், கடைசியில் கட்டணம் ஏற்றுவதையும் விட்டுவிடுவதாக ஆறு பெரிய தளங்கள் 2019இல் பிரிட்டனின் போட்டி ஆணையத்திடம் உறுதி கொடுக்க வேண்டி வந்தது.

*

சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், தளத்தின் ஆப்புக்குள்ளேயே ஹோட்டலிடமிருந்து மெசேஜ் வந்தது: கார்டு சரிபார்ப்பு முடியவில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் போடாவிட்டால் பதிவு ரத்து. என் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாக இருந்ததால் என் கணவர் ஓடிபி வரை கொடுத்துவிட்டார். ஹோட்டலின் லாகினை யாரோ திருடி அனுப்பியது அது. ஆப்புக்குள் வந்தாலும் லிங்க்கில் பணம் கட்டாதீர்கள், ஹோட்டலுக்குப் போன் செய்து கேளுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. ரிசப்ஷனில் இருந்த சகோதரிக்குத் தனியாக நன்றி, அன்றைக்கு அந்தத் தம்பி மேல் எனக்கு வந்த கோபம் இப்போது முழுவதுமாகப் போய்விட்டது.

தளங்களே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாத ஊரில் எங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க அவைதான் வசதி. பார்ப்பது அங்கே, பதிவு செய்வது ஹோட்டலிடம். தளத்தில்தான் போட வேண்டும் என்றால், மறுநாளே ஹோட்டலைக் கூப்பிட்டு அவர்களுடைய கன்ஃபர்மேஷன் எண்ணை எழுதிக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முதல் நாள் இன்னொரு போன்.

போன மாதம் அம்மாவோடு மறுபடி போக வேண்டியிருந்தது. ஹோட்டலுக்கே போன் செய்து, குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேட்டேன். போனை எடுத்த பெண், "லைனிலேயே இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்து சொன்னார்: "82 சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்துட்டேன். அந்த அறையையே உங்க பேருக்கு எழுதி வைக்கிறேன்."