மரத்த பக்கத்தில் எரியும் வலி: என்ன சொல் இடலாம்?

பாளையங்கோட்டை, இயன்முறை மருத்துவர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றிய கைப்பிரதி ஒன்றைத் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு தலைப்பு மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. மூளையிலோ தண்டுவடத்திலோ உணர்வைச் சுமந்து செல்லும் பாதை சிதைந்தால், உடலின் ஒரு பகுதியில் சூடும் குளிரும் ஊசிக்குத்தும் தெரியாமற்போய், அதே பகுதியில் காந்தலான வலி நிலைத்துவிடுவதுண்டு. பலருக்கு இது வாரங்களோ மாதங்களோ கழித்தே தலைகாட்டுவதால், புதிதாக வேறேதோ நோய் வந்துவிட்டதென்று வீட்டார் கலங்குகிறார்கள். மூளையும் தண்டுவடமும் சேர்ந்ததே மைய நரம்பு மண்டலம் என்பதால் 'மைய வலி' என்று எழுதினால், உடம்பின் நடுவில் வரும் வலி என்று கொள்வார்கள். 'நரம்பு வலி' என்றாலோ, நம் பக்கத்தில் இரத்தக் குழாய், தசைநார் எல்லாமே நரம்புதான் என்பதால், எண்ணெய் போட்டு உருவிவிடக் கிளம்பிவிடுவார்கள். மேலில் துணி உரசினாலே துடிக்கிறவரை உருவலாமா? ஆதலால் ஒரு சொல் வேண்டும்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் 'வலி'யை விலக்குங்கள். குறளில் 'வினைவலியும் தன்வலியும்' என வருமிடத்தில் வலி என்பது வலிமை. துன்பத்தைக் குறிக்க நமக்கு 'நோ' என்னும் வேரே இருக்கிறது. அடுத்து, 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்பதில் ஊறு என்பது மெய்யால் உற்றறியும் புலன். அதே ஊறு, துன்பத்தையும் கேட்டையும் சேர்த்துக் குறிக்கும், இடையூறு என்கிறோமல்லவா? 'உறு' என்னும் ஒரே வேரிலிருந்து தொடுதலும் துன்புறுதலும் கிளைத்திருக்கின்றன. தொட்டால் தெரியாத இடம் துன்புறும் இந்த நோய்க்கு இதைவிடப் பொருந்தும் வேர் எங்கே கிடைக்கும்? 'ஊறிழப்பு நோவு' என முன்மொழிகிறேன்.

திருநெல்வேலி, நரம்பியல் மருத்துவர்:

அண்ணாச்சியின் வேர் ஆராய்ச்சியை ரசித்தேன். ஆனால் சொல் நோயோடு பொருந்தவில்லை. வலியையும் வெப்பதட்பத்தையும் கொண்டுசெல்லும் இழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் சற்று மேலேயே எதிர்ப்பக்கம் கடந்துவிடுகின்றன. அதிர்வையும் மூட்டின் நிலையையும் நுண்ணிய தொடுகையையும் அறிவிக்கும் இழைகள் அதே பக்கமாக ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில்தான் கடக்கின்றன. இந்த வலி பெரும்பாலும் முதல் தடத்தின் சிதைவோடு சேர்ந்தது. எனவே தொடுவுணர்வு ஓரளவு நன்றாகவே இருந்து, வெந்நீர் மட்டும் தெரியாத நோயாளிகள் உண்டு. 'ஊறிழந்தவர்' என்று அவர்களைச் சொல்வது பிழை. உணர்வுச் செய்திகளை வாங்கி மேலே அனுப்பும் மூளையின் உட்பகுதிக்குத் தலாமஸ் என்று பெயர். 'தலாமஸ் வலி' என்பதும் இனி உதவாது. டெஜெரினும் ரூசியும் 1906இல் தலாமஸ் நோய்க்குறித்தொகுதியை விவரித்த பிறகு அப்பெயர் நிலைத்தது. ஆனால் முகுளத்திலோ தண்டுவடத்திலோ சிதைவு நேர்ந்தாலும் இவ்வலி வருகிறது. பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவருக்கு மூளையில் குறையொன்றும் இல்லாவிட்டாலும் இடுப்புக்குக் கீழே எரியலாம்.

கோவில்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் 'மூளை தண்டுவட வலி' என்று போட்டால் என்ன? வாசிப்பவருக்கு ஒரு தடுமாற்றமும் இராது.

பாளையங்கோட்டை, இயன்முறை மருத்துவர்:

தலைவலியும் முதுகுவலியும் சேர்ந்து வந்ததாக வாசிப்பார்கள், தம்பி. வலிக்கும் இடம் காலாக இருக்கப் பழுது வேறிடத்தில் இருக்கிறது என்பதைத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஊறு போனால் போகட்டும். 'நோக்காடு' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாக்காடு, வேக்காடு போல இதுவும் காடு என்னும் தொழிற்பெயர் விகுதி பெற்றது. நன்னூல் அவ்விகுதியை எடுத்துச் சொல்கிறது. அதே பட்டியலில் 'உள்' விகுதியும் உண்டு. தொல்காப்பிய உரியியலில் 'பையுளும் சிறுமையும் நோயின் பொருள' என்று வருகிறதே, அந்தப் பையுளை இந்த ஒரு நோய்க்கென்றே ஒதுக்கிவிடலாம். வேறெவரும் இன்று அதைப் பயன்படுத்தாததால் குழப்பமும் வராது.

கோவில்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:

பையுள் என்று அச்சிட்டால் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், ஐயா. எவரும் பயன்படுத்தாமையே ஒரு சொல்லுக்குத் தகுதியாகிவிடுமா? பேருந்து 'வழித்தடம்' இன்று எல்லாருக்கும் தெரியும். மருத்துவர் மேலே தடம் என்றே எழுதியிருக்கிறார். 'உணர்வுத்தட வலி' எனலாம்.

திருநெல்வேலி, நரம்பியல் மருத்துவர்:

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பாதத்திலிருந்து தண்டுவடம் வரை வரும் புற நரம்பும் உணர்வின் தடந்தானே? சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலும் இப்பெயருக்குள் நுழைந்துவிடும். மையம் என்னும் வேறுபாட்டைக் கைவிட எனக்கு உடன்பாடில்லை. மாணவருக்கு நான் 'மைய நரம்பு வலி' என்றே சொல்லிவருகிறேன். இனியும் அப்படியே சொல்வேன்.

பாளையங்கோட்டை, இயன்முறை மருத்துவர்:

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். இதுவரை எழுதியவர்களில் பலர், உற்சாகமில்லாமல்தான் என்றாலும், 'உணர்வுத்தட வலி'க்கு இசைந்திருப்பதால் தலைப்பில் அதையே இடுகிறேன். மருத்துவரின் மறுப்புக்காக, சிதைவு மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். துணி பட்டாலோ குளிர்ந்த காற்று பட்டாலோ நோவதற்குத் தனிச்சொல் தேடவில்லை. 'படாத வலி' என்று எழுதினால் பட்டதால் வந்ததா, படாமல் வந்ததா என்று இன்னொரு வாரம் ஓடிவிடும்.

திருநெல்வேலி, நரம்பியல் மருத்துவர்:

இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். சாதாரண வலிமாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்தோ, பிரிகாபலின், லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்தோ கொடுக்கிறோம். மருந்துக்கடையில் 'இது வலிப்பு மாத்திரை' என்று கேட்டவுடன், வலிக்குப் போய் வலிப்புக்கு வாங்கி வந்துவிட்டோமே என்று நிறுத்திவிடுகிறார்கள்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வலியும் வலிப்பும் மயங்கும் என்பதை மருத்துவரே இப்போது சொல்லிவிட்டார். உணர்வுத்தட நோவு என்று திருத்த ஞாயிறு இரவு வரை நேரமிருக்கிறது.