முன்பாய் சுருட்டுற றோலர் பாதியில இறுகுது, கிறீஸ் அடிச்சா சரிவருமோ?

கொக்கிளாய்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டால வந்த மாமா திருகோணமலையில 24 அடி பழைய யொட் ஒண்டு வாங்கினவர், அடியில இருக்கிற கீல் பலகையை மேல தூக்கலாம் எண்டபடியா இப்ப கொக்கிளாய்க் களப்புக்குள்ள கட்டிக் கிடக்கு. முன்பாயை இறக்காமல், அணியத்தில இருந்து பாய்மரத்து உச்சிக்குப் போற முன்கம்பியிலயே சுருட்டி வைக்கிற செட் அதில இருக்கு, அணியத்தில ஒரு ட்ரம், அதில சுத்தின கயிறு பின்னுக்கு நாங்கள் இருக்கிற இடம் வரைக்கும் வருது. பிரச்சினை என்னெண்டா, சுருட்டேக்க முதல் கொஞ்சச் சுத்து லேசா வருது பிறகு ஒரேயடியா இறுகி நிண்டிடும், திருப்பி விரிக்கப் போனாலும் சிலநேரம் பிடிக்குது. சோழகம் எழும்பின நேரம் இப்பிடி நிண்டா என்ன செய்யிறது. மாமா கயிறை விஞ்சில, அதுதான் கைபிடியால சுத்தி இழுக்கிற உருளையில, போட்டு இழுப்பம் எண்டுறார், நான் விடேல்லை. ட்ரம்முக்குள்ள கிறீஸ் அடிக்கவோ?

மன்னார்ப்பொடியன்:
மச்சான் உப்புப் பிடிச்சிருக்கும், வேறென்ன. டபிள்யூடி ஃபோர்ட்டி அடிச்சு ஊறவிட்டுப்போட்டு கிறீஸை நல்லா அப்பிவிடு. எங்கட வள்ளத்துப் பாயெண்டா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை, கயிறை அவிட்டா பாய் கீழ வந்திடும் 😂

பழைய றிக்கர், முள்ளியவளை:
தம்பி, கிறீஸ் டப்பாவைத் திறக்க முந்தி அது என்ன மேக் எண்டு பாரும். எல்லாத்துக்கும் கிறீஸ் போடேலாது. ஹார்க்கன் எண்டா உள்ளுக்க பிளாஸ்ரிக் குண்டுகள், நல்ல தண்ணியும் சவுக்காரமும் போட்டுக் கழுவி விட்டாக் காணும், கிறீஸ் போட்டா மண்ணும் உப்பும் அதில ஒட்டி இன்னும் மோசமாகும். ஃபுர்லெக்ஸ் எண்டா கிறீஸ் போடத்தான் வேணும். புறோஃபேர்ல் சீல் பண்ணின பெயாரிங், அதுக்குள்ள கை வைக்கத் தேவையில்லை.

ஆனா நீர் சொல்லுறதைப் பாத்தா எனக்கு ட்ரம்மில சந்தேகம் இல்லை, மேல பாய்மரத்து உச்சியிலதான். பாயைத் தூக்கிற கயிறு, ஹல்யாட், அது முன்கம்பியோட சேந்து சுத்துது போல. பாயின்ர தலையில ஒரு சுவிவல் இருக்கும், அதின்ர கீழ்ப்பாதி பாயோட சுத்தும் மேல்பாதி சுத்தாமல் நிக்கவேணும், மேல்பாதியை நிப்பாட்டி வச்சிருக்கிறது அந்த ஹல்யாட்தான். ஹல்யாட் கம்பிக்கு ஒட்டினமாதிரி நேர மேல போனா அதுவும் சேந்து கம்பியில சுத்தி இறுகிடும். கம்பியை விட்டு ஒரு 8, 10 டிகிரி பின்பக்கமா விலகிப் போகவேணும்.

விடிய காத்தில்லாத நேரம் பாயை முழுக்க விரிச்சு இறக்கிப்போட்டு ட்ரம்மைக் கையால சுத்திப் பாரும். சுகமாச் சுத்தினா பெயாரிங்கில பிழை இல்லை. இறக்க முந்தி ஒரு பைனாகுலரால உச்சியைப் பாரும், சுவிவல் எவ்வளவு கீழ நிக்குதெண்டு.

விஞ்ச் கதை வேண்டாம், மாமாவிட்டச் சொல்லும். மேல கயிறு இறுகியிருக்கேக்க கீழ விஞ்சால இழுத்தா முன்கம்பியைச் சுத்தியிருக்கிற, பாய் சுருளுற அலுமினியக் குழாய் முறுகும், இல்லாட்டி முன்கம்பியின்ர இழை ஒவ்வொண்டா அறும், அந்தக் கம்பி போனா மரமே பின்னுக்குச் சரியும்.

கொக்கிளாய்க்காரன்:
அண்ணை சொன்னது சரி! பாய் இல்லாமல் ட்ரம் ஒரு விரலால சுத்துது. சுவிவல் உச்சியில இருந்து ரெண்டு முழத்துக்கும் கூடக் கீழ நிண்டது, ஹல்யாட் கம்பியோட ஒட்டித்தான் கிடக்கு, ஒரு இடத்தில கயிறு உரிஞ்சு மயிர் கிளம்பியிருக்கு. இந்தப் பாய் வேற போட்டின்ர பழைய பாயாம், அதுதான் கட்டையா இருக்கு. இப்ப என்ன செய்ய?

பழைய றிக்கர், முள்ளியவளை:
அதுதான் சங்கதி. பாயின்ர தலைக்கும் சுவிவலுக்கும் இடையில ஒரு கயித்துத்துண்டோ கம்பித்துண்டோ போட்டு நீட்டும், பாயை ஏத்தி இறுக்கின பிறகு சுவிவல் குழாயின்ர உச்சிக்குக் கிட்ட வரவேணும், ஆனா குழாயை விட்டு வெளிய போகக்கூடாது. அதுக்குப் பிறகும் ஒட்டினா மரத்தில ஹல்யாட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற ஒரு சின்ன வளையம் பூட்டலாம். உரிஞ்ச இடத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தைப் பாவிக்க நீளம் காணுமோ எண்டும் பாரும்.

இன்னொண்டு. விரிக்கேக்க ட்ரம் கயிறை அப்பிடியே ஓடவிடாமல் கையில கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு விடும், இல்லாட்டி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிச் சிக்கும். பாய் முழுக்க விரிஞ்ச பிறகும் ட்ரம்மில மூண்டு நாலு சுத்து மிஞ்சவேணும்.

மன்னார்ப்பொடியன்:
அந்தத் துண்டுக்கு வலைக்கடையில விக்கிற நைலோன் கயிறு காணாதோ அண்ணை?

பழைய றிக்கர், முள்ளியவளை:
நைலோன் இழுபடும் தம்பி, காத்து ஏற ஏறப் பாயின்ர முன்விளிம்பு தொய்யும். இழுபடாத டைனீமாக் கயிறு கிடைச்சா நல்லம், இல்லாட்டி ரெண்டு முனையிலயும் கண் போட்ட ஸ்டெயின்லெஸ் கம்பித்துண்டு. அதைத் தொடுக்கிற செக்கிள் வளையத்தின்ர ஆணியைக் கம்பியால கட்டிவிடுங்கோ, ஆடி ஆடிக் கழண்டிடும்.