பெட்டி கட்டியவர்

(குடும்ப அரட்டைக் குழு, இரவு.)

நான்: பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா? நாளைக்கு வகுப்பில் ஒரு கவிஞரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். அவரும் உங்களைப் போலப் பட்டாளத்துக்காரர், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பெரியப்பா: முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யார் அவர், எந்த ரெஜிமென்ட்?

நான்: எட்மண்ட் பிளண்டன், இங்கிலாந்துக்காரர். ராயல் சசெக்ஸ் ரெஜிமென்ட், லெப்டினன்ட். முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்ஸுக்குப் போனபோது வயது 19. சோம், ஈப்ர், பாஷண்டேல் என்று பெரிய சண்டைகள் எல்லாம் பார்த்தவர். ஏறக்குறைய 2 வருடம் முன்வரிசையில்.

பெரியப்பா: பதுங்குகுழிச் சண்டையில் 2 வருடமா! லெப்டினன்ட் என்றால் குழியை விட்டு முதலில் ஏறுகிறவனே அவன்தானே.

நான்: ஆள் ரொம்பச் சின்ன உருவம். குறிபார்க்க வசதியில்லாத ஆள் என்பதால்தான் பிழைத்தேன் என்று அவரே சொல்வாராம். படையில் வைத்த பட்டப்பெயர் முயல். மிலிட்டரி கிராஸ் வாங்கியிருக்கிறார்.

அண்ணா: முயலுக்குப் பதக்கமா 😄

சித்தி: நீ சும்மா இரு. திரும்பி வந்து என்ன செய்தாராம்?

நான்: வாத்தியார் வேலை, சித்தி. அப்பா, அம்மா இரண்டு பேருமே வாத்தியார்கள். இவர் 1924 முதல் 1927 வரை டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம், 1931 முதல் 1944 வரை ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி, 1953 முதல் 1964 வரை ஹாங்காங் பல்கலைக்கழகம். போர் நினைவுகளை எழுதியதே டோக்கியோவில் உட்கார்ந்துதான். 1928-இல் புத்தகமாக வந்தது.

அண்ணா: இப்படியே பேசினால் பயோடேட்டா வாசித்த மாதிரி இருக்கும். பின்பெஞ்சு தூங்கிவிடும்.

நான்: அதுதான் என் பயமும். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. செத்துப்போன கவிஞர்களுக்காக அந்த மனுஷன் உழைத்த உழைப்பு. வில்ஃப்ரெட் ஓவன், போர் நிற்க ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று செத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து, வாழ்க்கைக் குறிப்பும் எழுதி 1931-இல் பதிப்பித்தவர் பிளண்டன். ஐவர் கர்னி இன்னொரு போர்க் கவிஞர், 1937-இல் மனநல மருத்துவமனையில் இறந்தவர். அவர் கவிதைகளையும் 1954-இல் தொகுத்தது இவர்தான். சொந்த எழுத்தை விட்டுவிட்டு ஏன் இதெல்லாம் செய்ய வேண்டும்?

(பெரியப்பா ரொம்ப நேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.)

பெரியப்பா: கூட இருந்தவன் போய்விட்டால் அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சாமானாக எழுதி, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யாராவது உட்கார்ந்து செய்துதான் ஆக வேண்டும். நான் இரண்டு பெட்டி கட்டியிருக்கிறேன். சட்டை எத்தனை, கைக்கடிகாரம், சவரக் கத்தி, சோப்பு டப்பா. ஒருவன் பெட்டியில் பாதிக் கடிதம் கிடந்தது. ‘அம்மாவுக்கு, இங்கே நான் நலம்’ என்பதோடு நின்றிருந்தது. பட்டியலில் அதற்கு என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லை. ‘காகிதம் 1’ என்று எழுதினேன்.

அத்தை: அண்ணா, இத்தனை வருஷத்தில் இதை நீ சொன்னதே இல்லையே.

பெரியப்பா: யாரும் கேட்கவில்லை. சரி, பெண்ணுக்கு வேலை ஆகட்டும். அப்புறம்?

நான்: மெர்ட்டனில் அவரிடம் படித்தவர் கீத் டக்ளஸ். பையன் கவிதைகளைப் பெரிய கவிஞர் டி. எஸ். எலியட்டுக்கு இவரே அனுப்பிவைத்தார். அடுத்த போர் வந்தது. டக்ளஸ் டாங்கிப் படைக்குப் போனார். 1944 ஜூன் 9, பிரான்ஸில் நார்மண்டியில் செத்தார். வயது 24.

பெரியப்பா: மாணவன் பெட்டியுமா.

சித்தி: போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நான்: இன்னொரு போர் வேண்டவே வேண்டாம் என்று இருந்தவர், சித்தி. அதற்காகச் சிலரிடம் கெட்ட பெயரும் வாங்கினார். ஆனால் போர் வந்ததும் மறுபடியும் சீருடை மாட்டிக்கொண்டு, ஆக்ஸ்போர்டு பயிற்சிப் படை மாணவர்களுக்கு மேப் ரீடிங் சொல்லிக்கொடுத்தார்.

அண்ணா: முரண்பாடு இல்லையா?

பெரியப்பா: உனக்குத் தெரியாது, தம்பி. மேப் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் நாலு பையன்களாவது வழி தவறாமல் திரும்புவார்கள். வேண்டாம் என்று நினைத்தவன்தான் அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பான்.

நான்: இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். இன்னும் ஒன்று: எழுத்தாளர் கிப்ளிங் இறந்த பிறகு, அவர் இடத்தில், போரில் செத்த சிப்பாய்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணையத்துக்கு 1936-இல் இலக்கிய ஆலோசகராக வந்ததும் இவர்தான்.

பெரியப்பா: கல்லறை வரைக்கும் விடவில்லை. அவர் எப்படிப் போனார்?

நான்: 1974 ஜனவரியில், சஃபோக்கில் லாங் மெல்ஃபர்ட் என்ற ஊரில். அடக்கத்தின்போது, போரில் செத்தவர்கள் நினைவாக வைக்கும் பாப்பி மலர்வளையத்தை வைத்தவர், பாஷண்டேலில் அவருக்கு ரன்னராக, அதாவது செய்தி கொண்டு ஓடுகிறவராக இருந்த சிப்பாய்.

பெரியப்பா: ரன்னரா? 1917-இல் இருந்தவனா?

நான்: ஆமாம், 57 வருஷம் கழித்து.

பெரியப்பா: இதிலிருந்தே பேச்சை ஆரம்பி. பல்கலைக்கழகம் எல்லாம் பின்னால் வரட்டும்.

அண்ணா: பின்பெஞ்சும் கேட்கும்.

நான்: பெரியப்பா, நீங்கள் கட்டிய பெட்டியைப் பற்றியும் வகுப்பில் சொல்லலாமா?

பெரியப்பா: சொல்லு. அவன் பேர் மட்டும் வேண்டாம்.

நான்: நீங்கள் பேரே சொல்லவில்லையே.

பெரியப்பா: ஆமாம், சொல்லவில்லை. போய்த் தூங்கு, மணி பன்னிரண்டாகிறது.